கண்ணாடிக்கு மேலே

ஐந்து மாதம்! ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, அடுப்படி ஜன்னலில் தெரிந்த எதிர்க் கட்டடத்தைக் கறுப்புப் பேனாவால் கோடு கோடாக வரைந்தாள் அவள். பதினாறு பால்கனிகள், கொடியில் காயும் துணிகள், கவிழ்த்த வாளி, ஒற்றைச் செருப்பு வரை எதையும் விட்டுவைக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியதும் மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று.

"கலர் எப்ப அடிப்ப?"

நாலு நாள் தங்க வந்த கணவனின் அக்கா அந்தக் குறையைத் தீர்த்துவைத்தாள். அவள் கொண்டுவந்தது மெல்லிய கலர் தாள். ஈரம் தொட்டுக் கண்ணாடியில் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். நகத்தால் நெம்பினால் உரிந்துவிடும். இவள் வேலையிலிருந்து திரும்பியபோது துணிகள் சிவப்பு, வானம் நீலம், வாளி பச்சை. மூலையில் இவளுடைய கையெழுத்தை மறைத்து ஒரு மஞ்சள் பூ.

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா அண்ணி?"

"உன் படத்தையா தொட்டேன்? கண்ணாடி மேலதானே ஒட்டியிருக்கு! பிடிக்கலைன்னா உரிச்சிடு. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு!"

உரிக்கக் கையை நீட்டியவளை மாமியார் தடுத்துவிட்டாள். பொண்ணு போகிறவரைக்குமாவது இருக்கட்டுமாம். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மாடிவீட்டுத் தம்பதி வந்து வாயைப் பிளந்தார்கள். "யாரு செஞ்சது? அள்ளுதே!"

"எல்லாம் என் பொண்ணு கைவேலை" என்றாள் மாமியார், வாயெல்லாம் பல்லாக. பெண்ணும் இல்லையென்று சொல்லவில்லை. கணவன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். அடுத்தவள் சமைத்ததில் நாலு தழையைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பேர் வாங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

அதோடு விட்டதா? கிளம்பும் நாளில், பெட்டியைக் கட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தாள் அக்கா.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன். எங்க வீட்டு ஹாலுக்கு எடுப்பா இருக்கும்."

"அக்கா ஆசையா கேக்குறா, குடுத்துடேன்" என்றான் கணவன். "நீ இன்னொண்ணு வரைஞ்சா போச்சு."

வரைஞ்சா போச்சாமே! ஐந்து மாதமும் கூடவே இருந்து பார்த்தவன் பேசுகிற பேச்சா இது? படத்தைக் கழற்றி உள்ளறைக்குக் கொண்டுபோனாள். பின்பலகையைப் பிடித்திருந்த நாலு ஆணிகளை நெம்பினாள். இரண்டே நிமிடத்தில் வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் சட்டத்தை அண்ணியின் கையில் கொடுத்தாள்.

உள்ளே வெறும் வெள்ளைத் தாள். கண்ணாடி மேல் சில சிவப்புத் துண்டுகள், ஒரு நீலப் பட்டை, பச்சையாக ஏதோ ஒன்று, மூலையில் மஞ்சள் பூ. கட்டடமும் இல்லை, கொடியும் இல்லை.

"என்ன இது? படம் எங்க?"

"உங்க கைவேலை அப்படியே இருக்கு அண்ணி, ஒரு துண்டுகூட உரிக்கல. நான் வரைஞ்சத மட்டும் எடுத்துக்கிட்டேன்."