வெட்டுக் கோட்டுக்கு வெளியே

ஸைனுலாப்தீன் ஹாஜியார் அன்று காலை, மௌத்தாகி மறைந்துபோன தம்பியின் வீட்டுக் கேட்டை மோட்டார் சைக்கிளால் திறந்தார். பூட்டு ஒரு பக்கம் பறந்தது. தகரம் மறுபக்கம் மடங்கியது. இறங்கியவர் ஹெல்மட்டைக் கழற்றி, விறாந்தையில் அப்போதுதான் கிண்டி இறக்கி வைத்திருந்த தொதல் இனிப்புத் தாச்சியை நோக்கி வீசினார். தாச்சி கவிழ்ந்து, கொதிக்கிற தொதல் தம்பி பெண்சாதி றாஹிலாவின் கால்விரல்களில் சரிந்தது. அவள் போட்ட அலறலில் நிந்தவூர் மெயின் ரோட்டில் போன பஸ்ஸே ஒரு கணம் பிரேக் பிடித்ததாகச் சொல்கிறார்கள். வேலிக்கு மேலே எத்தனை தலைகள் முளைத்தன என்று கேட்க வேண்டாம். முளைத்ததால்தானே இந்தக் கதை நமக்கு இவ்வளவு துப்பரவாகத் தெரிகிறது.

"எங்கடி உன்ட மகள்?"

மகள் நிப்லா அறையிலிருந்து ஓடி வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குத்தான் கலியாணம். அவளுடைய பெரியவாப்பாவான ஹாஜியார் கையிலிருந்த அழைப்பிதழை அவள் முகத்தில் எறிந்தார். நல்ல தடித்த மட்டை. அதற்காகவே தேடித் தேடி வாங்கியது. அதன் முனை பட்டு அவளுடைய மேலுதடு கிழிந்தது. குனிந்து எடுத்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அழைப்பிதழில் விழுந்த தன் இரத்தம். அதற்குப் பிறகுதான் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தங்க நிற மையில் ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில், ஓரத்தோடு ஒட்டி, ஒன்றிரண்டு புள்ளிகளும் ஒரு சுழியும் மட்டும் எட்டிப் பார்த்தன. மற்றதெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

"என்ட பேர் எங்க?"

"போட்டன் பெரியவாப்பா... கடைசியில, தனியா, பெரிசா..."

"போட்டுட்டு வெட்டினியா? உன்ட வாப்பாட மையத்தத் தோளுல தூக்கினவன் நான். என்ட தலைய வெட்டிப் போட்டு மசிர மட்டும் மிச்சம் வெச்சிரிக்காய்!"

"மச்சான், கொஞ்சம் இரிங்க, புள்ள தெரியாம..." என்று காலைப் பிடித்துக்கொண்டே றாஹிலா இழுத்தாள்.

"நீ வாயப் பொத்து றாஹிலா. வலியா நான் வரமாட்டன். எழுத்துக்கு வேற ஆளப் பாருங்க. உங்களுக்குப் புடிச்ச அந்தக் காலிதீனையே கொண்டுபோய் நிக்க வெய்ங்க. அதுக்கு முந்தி அவன்ட பிரெஸ்ஸ நான் உடைக்கப் போறன்."

வாசலில் கிடந்த மண்வெட்டியைக் காலால் மிதித்துப் பிடியைக் கழற்றினார். பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்முனைப் பக்கம் பறந்தார்.

நிப்லாவுக்குக் கவலை உடைந்த கேட்டைப் பற்றியும் இல்லை, உதட்டைப் பற்றியும் இல்லை. வாப்பா இல்லை, மூத்தாப்பா இல்லை, கூடப்பிறந்த ஆண்பிள்ளை என்று ஒருவனும் இல்லை. கலியாணப் பதிவான காவின் எழுதும்போது, பெண்ணின் பொறுப்பாளராய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளைக் கொடுக்கிற வலி இந்த மனிதர் ஒருவர்தான். அவர் மறுத்தால் காதி நீதிபதியிடம் போகலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை றமீஸின் உம்மா இறக்காமத்திலிருந்து பேச்சுத் தொடங்கிய முதல் நாளே சொல்லியனுப்பியிருந்தாள்: "வலி கோவிச்ச வூட்டுல நாங்க பொம்புள எடுக்கமாட்டம்." றமீஸுக்காக நிப்லா தட்டிக்கழித்த வரன்களைப் பற்றி ஊர் ஏற்கனவே போதுமான அளவு கதைத்திருந்தது.

காலிதீனின் பிரெஸ் ஏன் நடுவில் வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

பெரியவாப்பாவின் மகன் மர்சூக்கே கல்முனையில் ஓர் அச்சுக்கடை வைத்திருக்கிறான். குடும்பத்துக்குள் பிரெஸ் இருக்க வெளியில் கலியாணக் காட் அடிப்பது, வீட்டுக் கிணறு இருக்கப் பக்கத்து வீட்டில் போய்க் குளிப்பது மாதிரி. ஆனால் மர்சூக்கின் வேலையை நிப்லா பார்த்திருக்கிறாள். மர்சூக் தன் வாப்பா ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது அடித்துக் கட்டிய வரவேற்பு பேனரில், ஹாஜியாரின் முகம் நீலம் பாரித்து விழுந்திருந்தது. மனிசன் மக்காவிலிருந்து வந்தாரா மையவாடிக் குழியிலிருந்து எழும்பி வந்தாரா என்று சந்தைக்குள்ளே சிரித்தார்கள். நிறம் சரியில்லையே என்று வாய் திறந்த ஒரு வாடிக்கையாளருக்கு மர்சூக் எறிந்த ஸ்டேப்ளர் புருவத்தில் தைத்து, தையல் போட வேண்டி வந்தது. அவன் பிறந்த நாளிலிருந்து அவனுக்குப் பயப்படாதவர் அந்த வீட்டில் இல்லை, ஹாஜியார் உட்பட.

எனவே நிப்லா கைப்பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினாள். ஒரு கடையில் மாதிரி காட்டை எச்சில் தொட்டுத் தேய்த்தாள். மை விரலோடு வந்தது. அடுத்த கடையில் மட்டையை மடித்தாள். மடித்த இடம் வெள்ளையாக வெடித்தது. காலிதீனின் பிரெஸ்ஸில் மட்டும் அவளுக்கு முதலில் கிடைத்தது கெட்ட செய்தி.

"தங்கச்சி, உங்கட போன்ல தெரியிற பச்ச வேற, தாளுல விழுற பச்ச வேற. போன் வெளிச்சத்தால காட்டுது. நான் மையாலதான் காட்டணும். கொஞ்சம் மங்கித்தான் வரும். ஏலுமெண்டாச் சொல்லுங்க."

காசு வாங்க முன்னமே குறையைச் சொல்கிற வியாபாரியை அவள் அதற்கு முன் கண்டதில்லை. வேலையை அங்கேயே கொடுத்தாள். மர்சூக்குக்கு அந்தச் செய்தி பின்னேர அஸர் தொழுகைக்கு முன் போய்ச் சேர்ந்தது. யார் சொன்னார்கள் என்று நமக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டோம்.

காட்டை அவளே போனில் வரைந்தாள். அது வரைவதல்ல, பஞ்சாயத்து. அழைப்போர் வரிசையில் தன் பெயர் இரண்டாவதாக வந்ததற்காக றாஹிலாவின் தங்கை ஸுஹைறா சாச்சி அவளுடைய கொண்டையைப் பிடித்து உலுக்கினாள். இப்படி ஒவ்வொரு பெயராக ஏற, காட் மேலிருந்து கீழே நிரம்பியது. பெரியவாப்பாவுக்கென்று அவள் அடிப்பக்கத்தை ஒதுக்கி வைத்திருந்தாள். ஒரே பெயர், தனி வரி, மற்ற எல்லோரையும் விடப் பெரிய எழுத்து, தங்க மை. பிரெஸ்ஸை மாற்றிய குற்றத்துக்கு அது ஒரு பரிகாரம்.

பிரெஸ்ஸில் பைல் பார்க்கிற காரைதீவுப் பிள்ளை யதுசா வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். "அக்கா, பின்னால இரிக்கிற பச்ச, வெட்டுக் கோட்டுக்கு வெளியயும் கொஞ்சம் போகணும். இல்லாட்டி வெட்டக்குள்ள ஓரத்துல வெள்ளை தெரியும்."

பின்னணியை மட்டும் நீட்டியிருக்க வேண்டும். நிப்லா இரண்டு விரலை வைத்து முழுக் காட்டையுமே பெருப்பித்தாள். பச்சை வெளியே போனது. அதோடு சேர்ந்து பெரியவாப்பாவும் வெளியே போனார்.

"அக்கா, கீழ் வரி கோட்டுக்குப் பக்கத்துல வந்திட்டு. பாத்தீங்களா?" என்று யதுசா மறுபடியும் கேட்டாள். அந்த நேரம் ஸுஹைறா சாச்சி போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் சாச்சியைத் தள்ளி, மறுகையால் நிப்லா எழுதினாள்: "ஓம், அடிங்க."

அதற்குப் பிறகாவது யாரும் ஒரு காட்டைப் பார்த்திருக்கலாம். ஆனால் இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிரெஸ்ஸிலிருந்து வருகிற முதல் கட்டைக் கட்டு அவிழ்க்காமல், தொதலோடு மூத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் கையால் அவிழ்த்தால்தான் கலியாணத்துக்கு அவர் சம்மதித்ததாக அர்த்தம். வேறு யாரும் எட்டிப் பார்த்தால் பறக்கத்து இல்லையாம், இறையருள் தங்காதாம். அப்படித்தான், வெட்டுப்பட்ட பெயரை முதன்முதலாகப் பார்க்கிற பாக்கியம் பெயருக்குரியவருக்கே கிடைத்தது.

நிப்லா உதட்டில் முந்தானையை அழுத்திக்கொண்டு, பெரியவாப்பாவைத் துரத்தி ஸ்கூட்டியை முறுக்கினாள். அவள் போய்ச் சேரும்போது காலிதீனின் கண்ணாடிக் கதவு ரோட்டில் கிடந்தது. ஹாஜியார் வழியில் மர்சூக்கையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவனுக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலிதீனுக்கு அடிக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று தவம் கிடந்தவன். கணினித் திரை உடைந்து கிடந்தது. மேசைக்குக் கீழே யதுசா கணினிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "திரைய உடைங்க, இத உடைக்காதீங்க, ஊர்ப்பட்ட சனத்துட பைல் இதுக்குள்ள!" என்று கத்தினாள்.

காலிதீனும் சும்மா நிற்கிற ஆளில்லை. ஹாஜியாரின் மண்வெட்டிப் பிடி அவருடைய தோளில் ஒரு தரம் இறங்கியது, முழங்கையில் ஒரு தரம் இறங்கியது. மூன்றாவது அடிக்கு முன் காலிதீன் நீல மை டின்னைத் தூக்கி மர்சூக்கின் முகத்தில் கவிழ்த்தார்.

"இந்தா! உன்ட வாப்பாட முகத்துல அடிச்ச நீலம்! இப்பதான் சரியான ஆளுல உழுந்திரிக்கு!"

கண் தெரியாத மர்சூக் காற்றில் குத்தினான். ஒரு குத்து காலிதீனின் வாயில் பட்டு, ஒரு பல் தாள்கட்டின் மேல் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு கட்டிங் மெசினோடு மோதினார்கள். ஹாஜியார் அதற்கு முன்னமே அந்த மெசினைக் கண்டுபிடித்து அதன் முன் நின்றிருந்தார்.

"இதுதானா என்னை வெட்டினது?" பிடியை எறிந்துவிட்டு, வலது கையை மணிக்கட்டு வரை கத்திக்குக் கீழே நுழைத்தார். "பேர வெட்டின நீ கையையும் வெட்டு! வெட்டுடா!"

"ஹாஜியார், கைய எடுங்க!" என்று காலிதீன் இரத்தத்தோடு துப்பினார்.

கத்தி இறங்குவதற்கு இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஆனால் தாளை அமுக்கிப் பிடிக்கிற இரும்புப் பலகைக்குக் காலடியில் உள்ள மிதி ஒன்றே போதும். கட்டிப்புரண்ட மர்சூக்கின் கால் அந்த மிதியில் ஏறியது. பலகை இறங்கியது. காய்ந்த கமுகம் மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது ஹாஜியாரின் சத்தம்.

"மர்சூக் காக்கா, கால எடுங்க! வாப்பாட கை!" என்று அண்ணன் முறைக்காரனை நோக்கி நிப்லா கத்தினாள்.

மர்சூக்குக்குக் கண்ணில் மை, காதில் மை, கழுத்தில் காலிதீனின் பத்து விரல்கள். அவன் இன்னும் ஊன்றி மிதித்தான். தாள்கட்டுகளைத் தட்டிச் சீராக்குகிற மரக்கட்டை ஒன்று மெசின் மேல் கிடந்தது. நிப்லா அதை இரண்டு கையாலும் தூக்கி, நீல முகத்தின் நடுவில் இறக்கினாள். மூக்கு உடைந்தது. கால் எடுபடவில்லை. மறுகா ஒன்று இறக்கினாள். மர்சூக் மல்லாக்க விழ, மிதி எழும்பியது, பலகையும் எழும்பியது.

ஹாஜியார் சரிந்து நிலத்தில் இருந்தார். வலது கை விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. அவர் விழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்த கழிவுச் சாக்கு கவிழ்ந்து, வெட்டிக் கழித்த துண்டுகள் அவருடைய மடியில் கொட்டின. பச்சை நாடா மாதிரி மெல்லிய துண்டுகள். ஒவ்வொன்றிலும் தங்க மையில், தலையில்லாவிட்டாலும் உடம்பு முழுதாய், அவருடைய பெயர். இடது கையால் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். எல்லாவற்றிலும் அவர்தான் இருந்தார்.

"இம்புட்டுப் பெரிசாவா போட்டாய்?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஓம். மெசின் கோட்டுலதான் வெட்டினது பெரியவாப்பா. காலிதீன் நானாட பிழையும் இல்ல. நான்தான் பெருப்பிச்சு, உங்களக் கோட்டுக்கு வெளிய தள்ளிட்டன்."

இடது கை சும்மா இருக்குமா? ஓங்கி ஒன்று விழுந்தது. கிழிந்த உதடு இன்னும் கிழிந்தது. அவள் நகரவில்லை.

"மறுகா அடிக்கிறெண்டாலும் அடிங்க. ஆனா வலியா நீங்கதான் வரணும்."

ஹாஜியார் அவளைப் பார்த்தார். பிறகு, நீலமும் சிவப்புமாய் முனகிக்கொண்டு கிடந்த மகனைப் பார்த்தார்.

"இவன்ட மூக்க உடைச்சது ஆரு?"

"நான்தான்."

"எனக்காகவா?"

"வேற ஆருக்கு?"

வலியில் வியர்த்துக் கொட்டிய அந்த முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்ததை யதுசா மேசைக்குக் கீழிருந்து கண்டிருக்கிறாள். "இத்தின வருசமா எனக்கு ஏலாமப் போனத நீ ஒரு நிமிசத்துல செஞ்சிரிக்காய்," என்றார் மெதுவாக. உடனேயே குரலை உயர்த்தினார். "இந்தத் துண்டு ஒண்டும் குப்பைக்குப் போகக்கூடா. எல்லாத்தையும் காட்டுல ஒட்டணும். ஒட்டினாத்தான் வருவன். இப்ப ஆசுபத்திரிக்குக் கொண்டு போ, கை பிஞ்சி விழுகுது!"

ஒட்டினார்கள். தொதலில் வெந்த காலை நீட்டிக்கொண்டு றாஹிலாவும், முகத்தைத் தூக்கிக்கொண்டு ஸுஹைறா சாச்சியும், குடும்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் இருந்து ஒட்டினார்கள். ஒவ்வொரு காட்டின் அடியிலும் ஒரு துண்டு வால் மாதிரித் தொங்கியது. ஹாஜியாரின் இரத்தம் தெறித்தவையும் அதற்குள் கலந்திருந்தன. இறக்காமத்து மாப்பிள்ளை வீட்டில் அதைச் செம்பருத்திப் பூ என்று நினைத்து, எந்தப் பிரெஸ்ஸில் அடித்தது என்று விசாரித்தார்களாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹாஜியாரின் வலது கை, கம்பி குத்திக் கட்டுப் போட்டு, பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. மாப்பிள்ளை பிடிக்க இடது கையைக் கொடுக்கலாமே என்று யாரோ மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் பார்த்த பார்வையில் சொன்னவர் பின்வரிசைக்குப் போனார். மூக்கில் பிளாஸ்டரும், எவ்வளவு தேய்த்தும் போகாத நீலக் காதுகளுமாக மர்சூக் வாசலோரம் நின்றான். காலிதீன் பல் போன வாயைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு அவனுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்.

றமீஸ் கட்டுப் போட்ட அந்த வலது கையை இரண்டு விரலால், பட்டும் படாமலும் தொட்டான்.

"என்ன மனே, கோழிக்குஞ்சையா புடிக்காய்? இறுக்கிப் புடி," என்றார் ஹாஜியார்.

மாப்பிள்ளை இறுக்கிப் பிடித்தான். ஹாஜியாரின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மணமுடித்துத் தந்தேன் என்று அவர் சொல்லத் தொடங்கியது வசனமாகத்தான் இருந்தது, முடிந்தது அலறலாக. முன்னால் வைத்திருந்த மைக் அதை அப்படியே பிடித்துத் தெரு முழுக்கக் கொடுத்தது. மாப்பிள்ளையின் "ஏற்றுக்கொண்டேன்" அதற்குள் அமுங்கி, மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

உள்ளே, பெண்களுக்கு நடுவில் நிப்லா அந்த அலறலைக் கேட்டாள். உதட்டில் போட்ட தையல் பிரியும் என்று தெரிந்தும் வாய்விட்டுச் சிரித்தாள்.