ஐயாவின் பச்சைப் பெட்டி

"ஐயா, கையை உள்ளுக்கு எடுங்கோ, கதவு நெரிச்சுப்போடும்" என்றபடி மகள் ஜெயமலர் சக்கர நாற்காலியை எலிவேற்றருக்குள் ஒரே தள்ளாகத் தள்ளினாள். கட்டிலைவிட்டு இறக்க வேண்டாமென்று டொக்டர் சொல்லியிருந்தார். ஐயாவோ விடிந்ததிலிருந்து வோட்டுப் போடப் போகக் கோட்டு கேட்டுக்கொண்டிருந்தார். "இண்டைக்கு விட்டால் எனக்கு இன்னொரு எலெக்சன் இல்லை, பிள்ளை." அவள் கோட்டை எடுத்துப் போட்டுவிட்டாள்.

குருநாகல் பக்கம் காரீயச் சுரங்கம் வைத்திருந்தவர் ஐயா அருள்நாயகம். பென்சிலுக்குள் வைக்கிற அந்தக் காரீயத்தைக் கப்பலேற்றிப் பணக்காரனாகி, வெள்ளைக்காரன் காலத்திலே தேர்தலில் வென்று அரசாங்க சபைக்கும் போனவர். கனடாப் பிரசையானபின் இதுதான் முதல் தேர்தல்.

மேல்வீட்டு ஸ்ரீஸ்கந்தராசா உள்ளே நின்றார். "ஐயா, இஞ்சையும் எலெக்சன் கேக்கிறியளோ?"

"ஆள் சேர்த்துத் தாரும், கேக்கிறன்."

ஜெயமலர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து எத்தனை நாள்!

வோட்டுப் போடுகிற பார்க்டேல் பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம்தான். ஒக்ரோபர்க் குளிரில் வீதியைக் கடக்கையில் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மண்டபத்து மேசையில் ஒரேயொரு மட்டைப் பெட்டி.

"மற்றப் பெட்டியள் எங்கை?"

"ஒண்டுதான், ஐயா."

"அப்ப ஆற்றை பெட்டி எதெண்டு எப்பிடித் தெரியும்? என்ரை பச்சை. ஆக்கள் மாறிப் போடாமலிருக்கச் சுரங்கம் முழுக்கப் பச்சைச் சால்வை குடுத்தனான்."

அந்தக் காலத்தில் வேட்பாளருக்கொரு நிறத்தில் பெட்டி. சீட்டில் எதுவும் எழுதுவதில்லை. அவள் குனிந்து மெல்லச் சொன்னாள்: "இஞ்சை பேருக்கு நேரை பென்சிலாலை புள்ளடி போடவேணும்."

"பென்சிலாலையோ?" ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது.

மறைப்புக்குப் பின்னால் அவரை விட்டுவிட்டு விலகி நின்றாள். வெகுநேரம் ஒரு சத்தமுமில்லை. வரிசையில் யாரோ செருமினார்கள். மயங்கிவிட்டாரோ என்று அவள் காலெடுத்து வைக்கும்போது, சீட்டு மடிக்கும் சரசரப்புக் கேட்டது. தன் கையாலேயே பெட்டியில் போட்டார்.

வெளியே வந்ததும் வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். பென்சில் முனையை அதில் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கறுப்பாய் மினுங்கியது.

"நல்ல சாமான்."

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

"சொல்லக்கூடாது, பிள்ளை."

கோட்டைக் கழற்ற விடவில்லை. முடிவு பார்க்கவேண்டுமென்று டிவிக்கு முன்னால் இருந்தார். பின்னேரம் தேத்தண்ணியோடு அவள் வந்தபோது இருந்தபடியே உயிர் போய்விட்டிருந்தது.

டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். உடலை எடுக்க ஆட்கள் வரமுன் ஈரத்துணியால் ஐயாவின் முகத்தைத் துடைத்தாள். கழுத்தை, பிறகு விரல்களை ஒவ்வொன்றாக. டிவியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அதில் வாக்கு எண்ணத் தொடங்கியிருந்தார்கள்.

வலது கட்டைவிரலுக்கு வந்ததும், துணியை மடித்துக் கிண்ணத்து விளிம்பில் வைத்தாள்.