செருப்புத் திருடாத நாய்

கால்நடை மருத்துவமனையில் தீவன மூட்டை அடுக்கியிருந்த அறைக்கு வெள்ளையடித்து, 'துயராற்று நகைச்சுவைப் பிரிவு' என்று பலகை மாட்டிவிட்டார் பெரிய டாக்டர். மூட்டை போயிற்று, எலி போகவில்லை. செத்துப்போன பிராணிகளை அங்கே உட்கார்ந்து கேலிச்சித்திரமாக வரைவதுதான் ஓவியரின் உத்தியோகம்.

பிராணியைப் பறிகொடுத்தவர்கள் ஒரு படிவத்தில் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: எதைத் திருடும், யாரைக் கடிக்கும், எங்கே தூங்கும். அதை வைத்து, சொர்க்கத்தில் தேவர்களின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும் நாயை வரைந்து கொடுப்பார். அழுதுகொண்டு வந்தவர்கள் சிரித்துவிட்டு மறுபடி அழுவார்கள். "சிரிப்பும் ஒரு ஊசிதான்" என்று டாக்டர் மேடைதோறும் முழங்குவார். ஊசி போட்டவன் பெயர் மட்டும் மறந்துபோகும்.

அப்படியிருக்க, ஓவியர் வீட்டு நாய் தொரை பன்னிரண்டு வயதில் கண்ணை மூடியது. மனைவிக்கு ஐந்து நாளாக அழுகை நிற்கவில்லை. ஊரார் கண்ணீரைத் துடைத்த கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று ஒரே மூச்சில் வரைந்து நீட்டினார்.

"இது யாரு வீட்டு நாய்?"

"நம்ம தொரைதாம்மா. செருப்பைத் தூக்கிட்டு ஓடுறான் பாரு."

"அது ஒரு நாளும் செருப்பைத் தொட்டதில்ல. ஊருக்கெல்லாம் படிவம் குடுக்குறீங்களே, எனக்கு எங்க?"

கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் சாப்பாட்டுப் பைக்குள் நிரப்பிய படிவம் இருந்தது.

எதைத் திருடும்: ஒன்றுமில்லை. யாரைக் கடிக்கும்: யாரையுமில்லை. எங்கே தூங்கும்: வாசல் கதவோரம், அவர் கழற்றிப் போட்ட சட்டைமேல், அவர் வரும்வரை. வந்ததும் முடி ஒட்டுதென்று சட்டையை உருவிக்கொண்டு தாண்டிப் போவார்.

அன்று முழுக்க எலிதான் துணை. தாளில் கதவு வந்தது, சட்டை வந்தது, முகம் வரவில்லை. தொரைக்கு ஒரு காது மடிந்திருக்கும். எந்தக் காது? நானூறு வீட்டு நாய்களை வரைந்தவருக்குச் சொந்த வீட்டுக் காது பிடிபடவில்லை. மனைவியைக் கேட்பதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். கடைசியில், சொர்க்கத்துக் கதவைப் பார்த்தபடி சட்டைமேல் உட்காரவைத்து, முதுகை மட்டும் வரைந்து, இரண்டு காதையும் நிமிர்த்திவிட்டார்.

எட்டிப் பார்த்த டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அங்கேயும் வாட்ச்மேன் வேலைதானா? பிரமாதம்யா. ஹால்ல மாட்டிடுவோம்."

வீட்டில் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள்.

"டாக்டர் ஹால்ல மாட்டணும்னாரு" என்றார் ஓவியர்.

அவள் பென்சிலை வாங்கினாள். இடது காதை அழித்துவிட்டு மடித்து வரைந்தாள்.

"இப்போ கொண்டுபோய் மாட்டுங்க. நாலு பேரு சிரிக்கட்டும்."