அங்கன நம்ம ஆளு யாரு இருக்கா?

எங்கள் தெருவில் எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும் முதல் கேள்வி அந்த நாட்டைப் பற்றி இருக்காது. "அங்கன நம்ம ஆளு யாரு இருக்கா?" என்பதுதான் கேள்வி. ஏர்போர்ட்டில் வந்து நிற்க எங்கள் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் இருந்தால் அது போகத்தக்க நாடு. இல்லாவிட்டால் அப்படியொரு நாடே இல்லை. என் வீட்டுக்காரர் அலி அக்பர் இந்த விஷயத்தில் தெருவுக்கே தலைவர். சவூதியில் தம்மாமில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு வந்தவர். அங்கே ரூமில் இருந்தவர்கள் எல்லோரும் நம் ஊர், கொதித்ததும் நம் ஊர்க் குழம்பு. அரபியில் காய்கறி விலை கேட்பார். அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை.

அதனால்தான், ஸ்பானிஷ் பேசுகிற ஊரில் ஒரு கடற்கரைக்கு மூன்று பேரும் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவோம் என்று எங்கள் மகள் ஹம்னா சொன்னபோது, நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கடல் பாக்கணும்னா உவரி இருக்கே," என்றார். "காலைல போனா சாயங்காலம் வந்துரலாம்."

"உவரியில யாரு வாப்பா ஸ்பானிஷ் பேசுதா?"

ஹம்னாவின் வேலையைச் சொன்னால் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த நோயாளி வருவார். டாக்டர் போனில் ஒரு ஆளைக் கூப்பிடுவார். அந்த ஆள் எங்கள் மாடியறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹம்னா. வலி எங்கே, வயிற்றுப் பிள்ளை அசைகிறதா, மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்வாள். கல்லூரியில் படிக்கும்போது தானாகவே கற்றுக்கொண்ட பாஷை. இப்போது அந்த வேலையை மெஷினே செய்யுமாம். வருஷக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. சேர்த்து வைத்த சம்பளத்தில் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். இதுவரை எதுவும் கேட்காத பிள்ளை என்பதாலோ என்னவோ, அவரும் தலையை ஆட்டிவிட்டார்.

தலையை ஆட்டினாரே தவிர ஊர் முடிவாகவில்லை. ஹம்னா லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு கடற்கரையாகக் காட்டுவாள். கியூபா என்பாள், ரொம்ப தூரம் என்பார். மெக்சிகோ என்பாள், அங்கே யாரும் இல்லையே என்பார். அவளுக்குப் பிடித்தது ஸ்பெயினில் காதிஸ் பக்கம் ஒரு சின்ன மீன்பிடி ஊர். என்கார்னா என்று ஒரு அம்மா, கடலைப் பார்த்த மாதிரி நாலு அறை கட்டி வாடகைக்கு விடுகிறாராம். ஹம்னா போனில் பேசி ஒரு அறையைப் பிடித்தே வைத்துவிட்டாள். மீன்தான் அங்கே சாப்பாடு, ஹலால் பிரச்சினையும் இல்லை. அவர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஆளு?"

ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு, பாஸான பையன் மாதிரி வீட்டுக்குள் வந்தார். அடுத்த தெரு அய்மன் மாலகாவில் இருக்கிறானாம். மாலகாவும் ஸ்பெயின்தானாம், அங்கேயும் கடல் இருக்கிறதாம். அப்போதே அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க," என்றான் அய்மன். "ஏர்போர்ட்ல நான் நிப்பேன். தங்கல் நம்ம வீட்டு மாடி. சோறு ஆக்க வீட்ல ஆளு இருக்கு. தங்கச்சி ஒரு வார்த்த ஸ்பானிஷ் பேச வேண்டாம், எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன். வரும்போது நாலு கைலி மட்டும் கொண்டாந்தா போதும்."

தங்கமான பையன். அவன் பேசப்பேச என் மகளின் முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. "வாரோம்டே," என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஹம்னா "சரி வாப்பா" என்று சொல்லி லேப்டாப்பை மூடினாள்.

எனக்கு அந்தச் "சரி"தான் பொறுக்கவில்லை. மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"இத்தன நாளா எத்தன பேர்ட்ட பேசியிருக்கேன் உம்மா! ஒருத்தர் மொகத்தையும் பாத்ததில்ல," என்றாள். "ஒரு அம்மா பிள்ள பெறுற வரைக்கும் என் கூட பேசிட்டே இருந்தா. பிள்ள அழுத சத்தம் கேட்டுச்சு. ஒடனே லைன கட் பண்ணிட்டாங்க. வேலையும் போச்சுன்னா நான் இந்தப் பாஷைய யார்ட்ட பேச? கொக்கிரகுளத்துலயா? ஒரே ஒரு வாரம், மொகத்தப் பாத்துப் பேசணும்னு நெனச்சேன். அங்க போயும் மேலப்பாளையத்துலதான் இருக்கணும்னா நான் என்னத்துக்கு அங்க?"

கீழே வந்து அவரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்சம் காரமாகவே சொன்னேன். அவரும் விடவில்லை.

"எங்க ரூம்ல ஒருத்தரு மவுத்தானப்ப குளிப்பாட்டுனது யாரு? கபுர்ல எறக்குனது யாரு? நம்ம ஆளுகதான ஆபிதா. யாருமே இல்லாத ஊர்ல நான் விழுந்தா ஒங்களத் தூக்க யாரு இருக்கா?"

தான் விழுந்தால் தன்னைத் தூக்க என்று அவர் சொல்லவில்லை, எங்களைத் தூக்க என்றார். இந்த மனுஷனிடம் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லையே என்றுதான் அப்போது கோபம் வந்தது.

அறையை வேண்டாமென்று சொல்வதற்காக, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு நாள் ஹம்னா என்கார்னாவைக் கூப்பிட்டாள். மாடியில் நெட் சரியில்லை என்று ஹாலில் ஜன்னலோரம் வந்து நின்றாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடிக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும் என்பதால் அவள் அந்தப் பாஷை பேசி நாங்கள் இருவருமே சரியாகக் கேட்டதில்லை. வீட்டில் அவள் குரல் அடங்கித்தான் இருக்கும். இந்தக் குரல் வேறு. கையை ஆட்டினாள், இடைமறித்தாள், ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கம் அந்தம்மாவும் சிரித்தது கேட்டது. அவர் பேப்பரை இறக்கி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போனை வைத்ததும், "வேண்டாம்னு சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. மாலகாவுல எங்க ஊர்க்காரங்க இருக்காங்க, அங்கதான் வாப்பா போகணும்கிறாங்கன்னேன். ஒங்க வாப்பாவுக்குக் கடல் பிடிக்குமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியலன்னேன்."

அவர் பேப்பரை மடித்தார். பிறகு மறுபடி விரித்து மடித்தார். "தம்மாம்ல ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடலு," என்றார். "வெள்ளிக்கிழம துணி தொவைக்கணும், ஊருக்குப் போன் பண்ணணும். எறங்குனதே இல்ல." பாளையங்கால்வாயில் தலைகீழாகக் குதித்து வளர்ந்த ஆள், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி இதைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் நானும் அவரிடம் கடலைப் பற்றிக் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மாவ மறுபடியும் கூப்புடு," என்றார். "நான் விழுந்தா யாரு தூக்குவான்னு கேளு."

"வாப்பா!"

"கேளுங்கேன்."

அவள் கூப்பிட்டுக் கேட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. அந்தம்மா நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னார். ஹம்னா அவர் பக்கம் திரும்பினாள். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் அவள் இப்படித்தான் பேசியிருப்பாள் போலிருக்கிறது, ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்:

"நானும் என் தம்பியும் தூக்குவோம். எங்க ஊர்ல கடலுக்குப் போனவன் திரும்பலன்னா ஊரே போகும், அவன் யாரு என்னன்னு பாக்கமாட்டோம். ஆனா பேர் தெரியணும். பேர் தெரிஞ்சாதான் சத்தம் போட்டுக் கூப்பிட முடியும். ஒங்க வாப்பா பேரு என்ன?"

ஹம்னா சொல்ல வாயெடுத்தாள். அவர் எழுந்து போய் போன் பக்கம் குனிந்து, தாமே சொன்னார். "அலி அக்பர்." அந்தம்மா அதைத் திருப்பிச் சொன்னார். சரியாக வரும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அய்மனுக்கும் அவரே பேசினார். ஒரு நாள் மட்டும் பஸ் ஏறி மத்தியானச் சோற்றுக்கு வருவதாகவும், நாலு கைலிக்குப் பதில் ஆறு கொண்டுவருவதாகவும் சொன்னார். அவன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டான், அப்புறம் சரியென்றான்.

பாளையங்கோட்டையில் டிக்கெட் போட மூவருமாகப் போனோம். கடை வைத்திருக்கும் சிவகணேஷ் மேலப்பாளையத்து ஆட்களுக்கே டிக்கெட் போட்டுப் பழகியவர். ஊரின் பெயரை இரண்டு தடவை கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பாய், இது கேள்விப்படாத ஊரா இருக்கு? அங்கன ஒங்க ஆளு யாரு இருக்கா?"

"இருக்காங்க வே, என்கார்னான்னு ஒரு அம்மா," என்றார் என் வீட்டுக்காரர். "நம்ம பிள்ளைக்குப் பழக்கம்."