மறுபடி ஒரு ஸ்பூன்

1

செங்கல்பட்டில், ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒட்டுக்கேட்ட கதை இது. ஈசிஜி எடுக்கக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒருத்தி டாக்டரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர் தெரியாது, லோகநாயகி என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘திருவிடந்தைக் கடலில் அன்று விடியல் செக்கச்செவேலென்று...’

(வேண்டாம். போட்டில் ஒருவன் சுருண்டு விழும்போது விடியலின் நிறத்தை எவன் பார்த்தான்.)

2

விழுந்தவன் அவள் புருஷன் அரசு, மீன்பிடிப்பவன். வலை இழுக்கத் தெம்பு வேண்டுமென்று, ஜிம்முக்குப் போகும் மச்சான் கொடுத்த சத்துப் பவுடரைத் தினமும் கலக்கிக் குடித்தான். ஒரு மாதத்தில் நடுக்கடலில் நெஞ்சு தாறுமாறாக அடித்து மயங்கினான். கூட்டாளிகள் கரை சேர்த்தார்கள். பவுடரை நிறுத்தியதும் துடிப்பு சரியானது.

அப்புறமென்ன, பவுடர்தானே என்பீர்கள். நானும் அப்படி முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். டாக்டர் ஸ்ரீதேவி விடவில்லை. அதே நேரத்தில் மாத்திரையும் கொடுத்தோம், அதனாலும் சரியாகியிருக்கலாம் என்றார். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு ஒளிந்திருக்கலாம், டப்பாவில் என்ன கலந்திருக்கிறதென்று முழுசாகப் போடவுமில்லை என்றார். இதுதான் காரணமா என்று சொல்ல டாக்டர்கள் கணக்கில் ‘நிச்சயம்’, ‘பெரும்பாலும்’, ‘இருக்கலாம்’ என்று படிகள் உண்டாம். அரசுவுக்குக் கிடைத்தது ‘இருக்கலாம்’.

“இருக்கலாம்னா இன்னா டாக்டரம்மா? இந்தாளு கடலுக்குப் போலாமா, கூடாதா?”

பவுடர்தான் காரணமென்றால் போகலாம், இதயமென்றால் இனி ஒருநாளும் கூடாது என்றார் டாக்டர். அரசுவுக்குக் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது.

3

(இந்த இடத்தில் ஸ்ரீதேவியை வில்லியாக்கப் பார்த்தேன். முடியவில்லை. தெரியாததைத் தெரியாது என்பவரை எப்படித் திட்டுவது?)

நிச்சயமாகத் தெரிய வழியே இல்லையா என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரசு கேட்டான். மறுபடி கொடுத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும், ஆனால் உயிரே போகலாம், யாரும் செய்ய மாட்டோம் என்றார். அவன் அந்தப் பதிலின் முதல் பாதியைக் கேட்டதோடு எழுந்துவிட்டான்.

நான் கேட்டது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் பொறுப்பு.

4

வீட்டில் அவன் டம்ளரில் பவுடரைக் கலக்குகிறான். லோகநாயகி உள்ளே வருகிறாள்.

“இன்னாய்யா பண்ற?”

“மறுபடி தாறுமாறா அடிச்சா பவுடரு. அடிக்கலன்னா என் நெஞ்சு. தெரிஞ்சிரும்ல.”

“செத்துட்டா?”

“கடலுக்குப் போவாம குந்திகினு கீறது மட்டும் இன்னா?”

5

முடிவு ஒன்று: குடிக்கிறான், நெஞ்சு மறுபடி தாறுமாறாகிறது. ‘நிச்சயம்’ என்ற சொல் வந்து சேரும்போது கேட்க அவன் இல்லை.

முடிவு இரண்டு: குடிக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் அவன் இதயம்... (ஒருமுறை ஆகவில்லை என்பதால் எதுவும் நிரூபணமாகாது. இந்த முடிவை அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: அவள் பிடுங்கிக் கொட்டிவிடுகிறாள். ‘இருக்கலாம்’ அந்த வீட்டிலேயே குடியிருக்கிறது. அவன் கரையில் உட்கார்ந்தே கிழவனாகிறான்.

எனக்குப் பிடித்தது முதலாவது, அதில்தான் விடை இருக்கிறது. அது பிடித்ததை நினைத்தால் என் மேலேயே எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கும் தெரிந்தாக வேண்டும் போலிருக்கிறதா? சரி. அதற்கு அவன் குடித்தாக வேண்டும். டம்ளர் உதட்டருகே இருக்கிறது, நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். லோகநாயகி உங்களைத்தான் பார்க்கிறாள்.