ஒரே எண், இரண்டு சங்கிலி

கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஆயம்மா தன் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு டீயோடு திரும்பிய சுமலதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இருவருக்கும் இந்த வாரம் ஏற்பட்ட பழக்கம்தான். வானூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆயம்மாவின் கணவரும், முதலியார்பேட்டை சுமலதாவின் அண்ணனும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள்.

“இன்னா பெரிம்மா பண்றீங்க?”

“நல்ல நேரத்துல வந்த கண்ணு, இதப் பாரேன்!” ஆயம்மாவின் கையில் தடித்த சங்கிலி ஒன்று மின்னியது. “இந்தத் தம்பி சம்சாரத்துக்கு ஆபரேசனாம். அவசரத்துக்கு வித்துட்டுப் போறானாம். மூணு பவுனு! தோட்டையும் கையில இருக்கற காசையும் குடுத்தாப் போதுமாம். எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஆவும்ல!”

பக்கத்தில் நின்றவனுக்கு முப்பது வயது இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. “முத்திரை இருக்குக்கா, நீங்களே பாருங்க” என்று சங்கிலியின் கொக்கியைத் திருப்பிக் காட்டினான். சின்ன முக்கோணம், 916, அதையடுத்து எழுத்தும் எண்ணும் கலந்த பொடிப் பொடியான ஆறு குறிகள்.

சுமலதா சந்தேகத்தோடுதான் போனை எடுத்தாள். மகளுக்குக் கம்மல் வாங்கியபோது, முத்திரை எண்ணைச் சரிபார்க்கும் அரசாங்க ஆப் ஒன்றை ஏற்றி வைத்திருந்தாள். கொக்கியைப் படமெடுத்துப் பெரிதாக்கி, ஆறு குறிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். வட்டம் சுற்றியது. பிறகு திரையில் இருபத்திரண்டு காரட் என்று வந்தது.

நிஜத் தங்கம்! டீ வாங்கப் போகாமல் இங்கேயே நின்றிருந்தால் இது தனக்குக் கிடைத்திருக்குமே என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது. அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டுக்கொண்டே திரையை மேலே தள்ளினாள். கீழே இன்னொரு வரி இருந்தது.

பொருளின் வகை: மோதிரம்.

மறுபடியும் படித்தாள். எண் பொய்யில்லை. ஆனால் அது யாரோ விரலில் போட்டிருக்கும் மோதிரத்தின் எண். அதைப் பார்த்து இந்தச் சங்கிலியில் அடித்திருக்கிறார்கள்.

கத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். ஆயம்மாவின் தோடு அதற்குள் அவன் வலது கைக்குள் போயிருந்தது; காசு மட்டும் இன்னும் அவள் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. கத்தினால் ஓடிவிடுவான்.

“நல்ல நகைதான் தம்பி” என்றாள். குரல் நடுங்கியது. ஆசையில் நடுங்குகிறது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். “பெரிம்மாவுக்கு ஆச்சு. எனக்கும் இதே மாதிரி ஒண்ணு இருந்தா தேவலாம்.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். “எங்கம்மாவோடது ஒண்ணு இருக்குக்கா.” இடது கையால் பையைத் துழாவி இன்னொரு சங்கிலியை எடுத்துக் கொடுத்தான். சுமலதா கொக்கியை வெளிச்சத்தில் பிடித்தாள். அதே ஆறு குறிகள். ஒன்றுகூட மாறவில்லை.

“நகைக்கு நகை வேற நம்பர் இருக்கணும்டா!” என்று அவன் மணிக்கட்டைப் பற்றினாள். “புடிங்க, புடிங்க! பித்தளையைக் குடுத்துத் தோட்டப் புடுங்கறான்!”

ஒரே உதறலில் விடுவித்துக்கொண்டு, நகரத் தொடங்கியிருந்த திண்டிவனம் பஸ்ஸில் தாவினான். சுமலதா பின்னாலேயே ஓடினாள்.

“கண்டக்டர் அண்ணா, திருடன்! நிறுத்துங்க!”

விசில் பறந்தது. பஸ் குலுங்கி நின்றது. படிக்கட்டில் தடுமாறியவனின் சட்டைக் காலரை யாரோ பிடித்தார்கள். இன்னொருவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஆயம்மா, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தோடு இரண்டும் உள்ளங்கையில் அழுந்திக் கிடந்தன.

“இது எங்க வீட்டுத் தோடு சார்” என்றான் அவன், வந்த போலீஸ்காரரிடம்.

போலீஸ்காரர் ஆயம்மாவைப் பார்த்தார். “உங்களுதுன்னு எப்படிம்மா சொல்றீங்க? முத்திரை எதாவது இருக்கா?”

“முத்திரையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எங்க ஊரு ஆசாரி செஞ்சது. ஒரு செவப்புக் கல்லு உழுந்துபோச்சுன்னு வெள்ளக் கல்லு வெச்சிருக்கேன், பாருங்க சார்.”

பார்த்தார். சிவப்புக் கற்களுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கல். போலிச் சங்கிலிகளோடு அவனையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

தோட்டைப் படம் எடுத்துக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு, ஆயம்மாவிடமே கொடுத்தார்கள். அவள் காதில் சுமலதாதான் திருகாணியைத் திருகிவிட்டாள். வார்டு வாசலிலிருந்தே ஆயம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“தே, கேளு! பஸ்ஸையே நிறுத்திட்டோம்!”

கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் பயந்து எழுந்து உட்கார்ந்தார். “இது வார்டும்மா, மெதுவாப் பேசுங்க” என்று அதட்ட வந்த நர்ஸ், பாதிக் கதையில் கட்டில் கம்பியில் சாய்ந்துகொண்டாள். பிறகு தன் வளையலைக் கழற்றி உள்பக்கம் உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, அந்த ஆப்பு பேரு இன்னா?”

“அத்த அப்புறம் கேளும்மா” என்றாள் ஆயம்மா. “எங் கதையில பஸ்ஸு இன்னும் நிக்கல!”