சின்னவளின் இடது கை

மூடிக் கிடக்கும் குழந்தைக் கையை எப்போதாவது விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. கொஞ்சம் அழுக்கு, ஒரு தலைமுடி, புளித்த பால் வாசனை. அந்த வட்டாரத்தில் பச்சைக் குழந்தைகளின் கைகளைப் பழக்குவதுதான் கை டீச்சரின் வேலை. அவள் விரித்துப் பார்த்த கைகளுக்குக் கணக்கில்லை. மூன்றாவது மாடி வீட்டுச் சின்னவளின் இடது கைக்குள் மட்டும் செத்துப்போன அக்காளின் கை இருந்தது.

இரட்டைப் பிள்ளைகளில் முதலில் வந்தவள் அழவே இல்லை. பின்னால் வந்தவள் இடது கையை இறுக்க மூடிக்கொண்டு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். முதலாவதைப் புதைத்துவிட்டு வந்தார்கள். ஆனால் அவள் போகவில்லை. சின்னவளை நுரை மெத்தையில் உட்கார வைத்தால் பக்கத்தில் இன்னொரு குழி விழுந்தது. எடை பார்க்கும் நர்ஸ், எந்திரம் காட்டியதில் பாதியை எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

மூன்று வயது முடியும்வரைதான் கை டீச்சர் வீடு தேடி வருவாள். அதற்குப் பிறகு வேறு ஆபீஸ், வேறு வரிசை. பந்து, துணிக் கிளிப், தடித்த பிடி வைத்த ஸ்பூன் எல்லாவற்றையும் பையில் தூக்கிக்கொண்டு அவள் படியேறும்போது கீழ் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் வம்புக்கு இழுப்பார். "பந்து உருட்டுறதுக்கெல்லாம் சம்பளமாம்மா?" அவளும் விடமாட்டாள். "உங்களுக்கு யாரும் கத்துக் குடுக்கலியே சார், அதான் உட்கார்ந்த இடத்துலயே இருக்கீங்க."

நகம் உள்ளங்கையைக் குத்திவிடக் கூடாதென்று எல்லா வீட்டிலும் செய்வதைப் போல முதல் நாள் சின்னவளின் கைக்குள்ளும் துணியைச் சுருட்டி வைக்கப் பார்த்தாள். அங்கே இடம் இல்லை. பிறகு, வெந்நீரில் போட்டால் தொய்ந்துவிடும் பிளாஸ்டிக் தகட்டை அந்தக் கையின் மேல் வைத்து அச்செடுத்தாள். ஆறியதும் கழற்றிப் பார்த்தால், புறங்கைப் பக்கம் நான்கு சின்ன விரல்களின் தடம் பதிந்திருந்தது. கை டீச்சர் அந்தத் தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு கைக்கும் சேர்த்து அகலமாக வேறொன்று வெட்டினாள். தூங்கும்போது மாட்டிவிடச் சொன்னாள். மாட்டினால் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும். மழைக்காலம் போய் வெயில் வந்தது. மறுபடியும் மழை வந்தது. விரல் நிமிரவில்லை. சின்னவள் ஒற்றைக் கையால் டம்ளரைத் தூக்கி எல்லாப் பாலையும் தரையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி நாளன்று கை டீச்சர் அந்த அகலத் தகட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இத மாட்டி விடுறீங்களா?"

"மாட்டுறேனே மேடம்," என்றாள் அம்மா. அவள் தையல் கூடத்தில் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கிறவள். மிச்ச வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள்.

"பொய் சொல்லாதீங்கம்மா. மாட்டுனா வேர்வை நாத்தம் அடிக்கும். இது நான் குடுத்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. விரல் இறுக ஆரம்பிச்சிருச்சு. இப்படியே விட்டா ஆயுசுக்கும் ஒத்தக் கைதான்."

"நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன், காதுல வாங்குனாத்தானே," என்றான் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த அப்பா.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இவ கைய விட்டுட்டா பெரியவ எங்க மேடம் போவா? அவளுக்குத் தனியா நடக்கக்கூடத் தெரியாது."

கை டீச்சர் எல்லா வீட்டிலும் சொல்வதையே சொன்னாள். "பிள்ளை கையில இருக்கறதப் பிடுங்கக் கூடாதும்மா. பிடுங்குனா இன்னும் இறுக்கும். பிடிச்சுக்க வேற ஒண்ணக் காட்டுங்க. தானா விட்டுட்டு இதுக்கு வரும்."

"எந்தப் பிள்ளையும் வருமா?"

"அந்த வயசுல எல்லாம் ஒண்ணுதாம்மா."

அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை டீச்சர் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, சின்னவளின் தலையைத் தடவிவிட்டுப் படியிறங்கினாள். கீழ் வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை.

மறுநாள் காலை சின்னவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துப் பால் குடித்தாள். பாதிதான் கொட்டியது. அவள் அம்மாவின் வலது கை மூடியிருந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு பட்டன் வைக்க முடியாதென்று தையல் கூடத்தில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். வலது பக்கம் கொஞ்சம் குனிந்தபடி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, அவள் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தாள்.